ங்க போட்ட வீடு

என் சொந்த வீட்டில் நான் ஒரு மணி நேரம் வாடகைக்குக் குடியிருந்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான். எம்.ஏ. சமூகவியல் படித்தபோது இரண்டாவது செமஸ்டரில் ‘தற்காலச் சமூகவியல் கோட்பாடுகள்’ என்று ஒரு பேப்பர் இருந்தது. அதில் பத்து மார்க் அசைன்மென்ட்டுக்காக, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அப்படிக் குடியிருந்தேன். மார்க் என்னவோ ஆறுதான் வந்தது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

எங்கள் ஊர் அன்னவாசலைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். பல்கலைக்கழகம் திருச்சிப் பக்கம். காலையில் ஆறரை மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, புதுக்கோட்டையில் இறங்கி ஓடி, திருச்சி பஸ்ஸில் ஏறி நின்றால், சரியாக நான் இறங்கவேண்டிய இடத்தில்தான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். இரண்டு வருடமும் அப்படித்தான். இப்போது ஒரு கல்லூரியில் அதே பேப்பரை நானே நடத்துகிறேன், ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஆனாலும் மழை ஓய்ந்த காலையில் அந்த பஸ்ஸின் ஈர ரெக்சின் வாசனை எங்கிருந்தாவது வந்துவிட்டால் போதும். ஜெராக்ஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்ற அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்க்கமாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பி.ஏ. வரை நான் தமிழ் வழியில் படித்தவள். எம்.ஏ.வில் எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். புத்தகம் என்று சொல்வதுகூட அதிகம், எல்லாம் ஜெராக்ஸ். அதுவும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்தை மிஷின் தின்றிருக்கும். தின்ற எழுத்து எதுவாக இருக்கும் என்று யோசித்துப் படித்து முடிப்பதற்குள் கோட்பாடு பாதி வழியில் காணாமல் போய்விடும். முதல் வாரம் அந்தப் பேப்பரை நடத்திய மேடம் போர்டில் ‘ஸ்ட்ரக்சர்’, ‘ஏஜென்சி’ என்று இரண்டு வார்த்தைகளை எழுதிவிட்டு, ஏஜென்சி என்றால் என்ன, யாராவது சொல்லுங்கள் என்றார். என் வாய் சும்மா இருக்காது. “ஆளுங்கள வெளிநாட்டுக்கு அனுப்புறது மேம்” என்றேன்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் பக்கத்தில் வந்து கேட்டுப் பாருங்கள். ஏஜென்சி என்றால் ஒன்று கேஸ் சிலிண்டர், இல்லாவிட்டால் வளைகுடா. மனிதன் தானாக ஒன்றை முடிவுசெய்து செய்கிறானே அதுதான் ஏஜென்சி, அவனைச் சுற்றிச் சமூகம் கட்டிவைத்திருப்பது ஸ்ட்ரக்சர் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். நான் சொன்னதும் அதற்குள் வரத்தானே வேண்டும் என்று ஊர் வந்து சேரும்வரை எனக்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேப்பர் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு கோட்பாட்டைப் படித்தால் ஒரு வாரத்துக்கு உலகமே அதுவாகத் தெரியும். நாம் எல்லோரும் மேடையில் ஒரு மாதிரி, திரைக்குப் பின்னால் வேறு மாதிரி நடிக்கிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த வாரம் பஸ் கண்டக்டரை உற்று உற்றுப் பார்த்தேன். ஆபீஸ் போகும் பெண்ணிடம் “சில்லறை இருந்தா குடுங்க மேடம்” என்றவர், அடுத்த சீட்டில் கூடையோடு இருந்த அம்மாளிடம் “சில்லறை இல்லாம எதுக்கு ஏறுற?” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். கண்டக்டரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் இருந்த தோழியைக் கிள்ளினேன். ஊரில் எல்லோரையும் இப்படிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், என் வீட்டில் இருந்தவர்களைத் தவிர.

எங்கள் அப்பாவை ஒரு ஏஜென்சிதான் அனுப்பியது. எனக்கு ஏழு வயதில் போனார். பதினான்கு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். மற்றபடி எனக்கு அப்பா என்றால் போன்தான். என்னை அவர் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார், செல்லமாக. “சாப்ட்டீங்களாத்தா? நல்லாப் படிக்கிறீங்களாத்தா?” நானும் “சாப்ட்டேங்கப்பா, படிக்கிறேங்கப்பா” என்பேன். எங்கள் தெருவில் மற்ற பெண்கள் அவரவர் அப்பாவை “எப்பா, இங்கிட்டு வா” என்று கத்திக் கூப்பிடுவார்கள். மரியாதை தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொள்வேன். அடி மடைச்சி!

நான் எம்.ஏ. சேர்ந்த வருடம் அந்தக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பா முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ‘முடித்துக்கொண்டு’ என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான், இனிமேல் போகமாட்டார் என்று. அவர் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இனி எனக்கும் வீட்டில் அப்பா இருக்கிறார் என்று காலேஜில் எல்லோரிடமும் சொன்னேன். நாலு மாதம் போவதற்குள் ஏஜென்ட்டின் போன் வர ஆரம்பித்தது. வேறு கம்பெனி, விசா தயார், அனுபவம் உள்ள ஆள் வேண்டும்.

“யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்று போனை வைத்துவிட்டு அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

“ஒங்க இஷ்டங்க. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க” என்பாள் அம்மா.

அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். நானும் “ஒங்க இஷ்டங்கப்பா” என்பேன். மனசுக்குள் போகாதீங்க, போகாதீங்க என்று கதறிக்கொண்டிருப்பேன். வாய் திறந்தால் வருவது ‘ஒங்க இஷ்டங்க’தான். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் ஏஜென்ட் ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்துவிட்டான். அதற்குள் சரி என்று சொல்லாவிட்டால் விசா வேறு ஆளுக்கு. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய வாரம்தான் மேடம் அந்த அசைன்மென்ட்டைக் கொடுத்தார்.

அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் தன் மாணவர்களைச் செய்யச் சொன்னதாம் அது. நாம் அன்றாடம் நடந்துகொள்கிற விதத்துக்கு அடியில் யாரும் எழுதிவைக்காத விதிகள் இருக்கின்றன. அவற்றை மீறினால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் நீங்களே வாடகைக்கு வந்தவர்போல இருங்கள் என்றார் மேடம். மரியாதையாகப் பேச வேண்டும். எதையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ஏன் இப்படி என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், இதற்கு என்ன காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். எனக்கு ஒரே குஷி. மிஷின் எழுத்தைத் தின்ற ஜெராக்ஸைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அடுப்படி வாசலில் போய் நின்றேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாங்களா?”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கொடத்துலதான இருக்கு, மோந்து குடியேன்.”

“எந்த டம்ளர் எடுத்துக்கட்டுங்க?”

தோசைத் திருப்பி அப்படியே நின்றது. “என்னது?”

“இல்லங்க, எந்த டம்ளர்ல குடிக்கலாம்னு…”

“கொழுப்பா? போ, போயிப் பல்ல வெளக்கு” என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள். நான் விடவில்லை. உட்காரலாங்களா என்று கேட்டு உட்கார்ந்தேன். ஃபேன் போட்டுக்கலாங்களா என்று கேட்டுப் போட்டேன். அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. “காலேஜ்ல எவளும் எதும் சொன்னாளா?” என்றாள். “இல்லங்க” என்றேன். “நேத்து முட்டை வைக்கலன்னு கோவமா?” என்றாள். “அதெல்லாம் இல்லங்க” என்றேன். எல்லாவற்றையும் மனசுக்குள் குறித்துக்கொண்டே வந்தேன். தட்டில் தோசை வந்ததும் நல்ல பிள்ளையாக வாயில் வைத்துவிட்டுச் சொன்னேன், “ரொம்ப நல்லா இருக்குங்க. என்னால ஒங்களுக்குத்தான் செரமம்.”

அவ்வளவுதான். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“வீட்ட விட்டுப் போறதுக்கு ஒத்திகை பாக்கிறியாடி?” என்றாள். “பெத்தவள ங்க போட்டுப் பேசுற அளவுக்கு நா என்னடி பண்ணுனேன் ஒனக்கு?” என்று கேட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் ஊரில் அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை வந்தால் முதலில் வருவது கெட்ட வார்த்தை இல்லை, ‘ங்க’தான். நேற்றுவரை நீ வா போ என்று பேசியவன் “சொல்லுங்க, என்ன வேணும்?” என்றானென்றால் அதோடு உறவு முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரியாததா? மார்க் கண்ணை மறைத்துவிட்டது.

நடுவீட்டில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிச்ச நேரத்தை அவரிடம் கழிக்கலாம் என்று எழுந்து போனேன்.

“பேப்பர்ல ஒரு தாள் கெடைக்குங்களா?”

“எடுத்துக்கங்கத்தா. நா படிச்சிட்டேன்.”

“சார்ஜர் போட்டுக்கலாங்களா?”

“போடுங்கத்தா. என் போன வேணா எடுத்துக்கிறேன்.”

“பாத்ரூம் நீங்க போறீங்களா, நா போகலாங்களா?”

“நீங்க போங்கத்தா. நம்ம டைம் அஞ்சரை. அது முடிஞ்சிருச்சு.”

ஒன்பது மணி வரை இப்படியே போனது. நான் எது கேட்டாலும் பதில் சொன்னார், பேப்பரைப் படித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. இந்த மனுஷனுக்குச் சூதுவாதே தெரியாது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, நோட்டை எடுத்து ‘அப்பா: எந்த மாற்றமும் இல்லை’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அந்த ‘நம்ம டைம் அஞ்சரை’ காதில் விழுந்தது.

அஞ்சரை என்பது அங்கே கம்பெனி தங்கவைத்திருந்த கேம்ப்பில் அவருக்கு ஒதுக்கிய குளியல் நேரம். அறைக்கு எட்டுப் பேர். வந்து ஆறு மாதம் ஆகியும் அப்பா எங்கள் வீட்டில் அதே நேரத்தில்தான் குளித்துக்கொண்டிருந்தார். அவர் துணிமணி இன்னும் பீரோவுக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில்தான் இருந்தது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, தன் டம்ளரோடு ஜன்னல் ஓரமாகத் தனியே கவிழ்த்து வைப்பார். அடுப்படிக்குள் வருவதற்கு முன்னால் தொண்டையைக் கனைப்பார். ரிமோட்டை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை. நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? அவருக்கென்று புதுத் தட்டு. அவருக்கு மட்டும் தினமும் ஆம்லெட். அவர் வந்து உட்கார்ந்தால் “அப்பா இருக்காரு, சத்தத்தக் கொறடி” என்று அம்மா கண்ணைக் காட்டுவாள். நாங்கள் அதை மரியாதை என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் ஒரு மணி நேரம் நடித்ததை அவர் ஆறு மாதமாக நிஜமாகச் செய்துகொண்டிருந்தார். பிறகு எங்கிருந்து அவருக்கு வித்தியாசம் தெரியும்? நோட்டை மூடிவிட்டேன்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், காலேஜில் கொடுத்த பாடம் என்று. தோசைத் திருப்பியாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். “படிக்க அனுப்புனா, பெத்தவள அழ வைக்கவா சொல்லிக் குடுக்கிறாய்ங்க? அந்த மேடம் என் கண்ணுல படட்டும்!” என்றாள். அப்பாவைப் பற்றி எழுதியதை நான் அவளிடம் காட்டவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரே கூத்து. ஒருத்தியின் அம்மா விபூதி பூசி வேப்பிலை அடித்திருக்கிறாள். ஒருவனை அவன் அண்ணன் “கஞ்சா எதும் அடிச்சியா?” என்று வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறான். விராலிமலையிலிருந்து வரும் ஒரு பெண், பாவம், அரை மணி நேரத்தில் தானே அழுது எல்லாவற்றையும் உளறிவிட்டாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் என் வாழ்க்கையில் எந்த அறையிலும் கேட்டதில்லை. இன்றைக்கு எங்கெங்கோ போய்விட்ட அத்தனை பேரையும் அந்த பெஞ்சுகளில் மறுபடி உட்கார்த்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

என் முறை வந்தது. அம்மா சொன்னதை வாசித்தேன், சிரித்தார்கள்.

“அப்பா?” என்றார் மேடம்.

“அப்பா கவனிக்கல மேம்.”

அதற்கு இன்னும் சிரித்தார்கள். “ஏன் கவனிக்கல?” என்று மேடம் கேட்டார். தெரியல மேம் என்று உட்கார்ந்துவிட்டேன். பேப்பர் திரும்பி வந்தபோது ஆறு மார்க் போட்டு, ‘தரவு போதவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. போதவில்லையாமே! அந்தத் தரவைச் சுமந்துகொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என் மாணவர்கள் யாராவது ‘அப்பா கவனிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் நான் மார்க்கைக் குறைப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. அம்மாவை ‘ங்க’ போட்டுத் தள்ளி நிறுத்த முடிந்ததென்றால், அப்பாவிடம் ‘ங்க’வை எடுத்துவிட்டு உள்ளே இழுக்க முடியாதா? யாரும் கொடுக்காத அசைன்மென்ட். மார்க் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். “எப்பா, நீ வா. எப்பா, நீ போ” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள்.

பஸ்ஸில் வந்தது வீட்டில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை “எப்பா, மோட்டாரப் போடு” என்று ஆரம்பித்தேன். நாக்கு என் பேச்சைக் கேட்காமல் கடைசியில் ஒரு ‘ங்க’வை ஒட்டவைத்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “எப்பா! தண்ணி போகுது பாரு! நீ போயி மோட்டார அமத்திட்டு வா!”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் சிரிப்பார் என்று. இரண்டும் இல்லை. அப்பா விருட்டென்று எழுந்தார். “இதோ” என்று அரை ஓட்டமாகப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து, என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வேற ஏதாச்சும் இருக்காத்தா?”

பதினான்கு வருடம் அங்கே சூப்பர்வைசர்கள் அவரிடம் அப்படித்தான் கத்தியிருப்பார்கள்போல. நான் மகளாக நின்று இழுக்கப் பார்த்தேன், அவர் வேலைக்காரனாக வந்து நின்றார். என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்றுமில்லைங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்படியில் வைத்து நறுக்கென்று தலையில் குட்டினாள். “அப்பன நீ வா போங்கிற! யாருக்காகடி அங்க கெடந்து காஞ்சாரு அவரு?”

எனக்கும் பொறுக்கவில்லை. “நீதாம்மா அவர விருந்தாளியா ஆக்கி வச்சிருக்க! நாளன்னைக்கி அவரு சரின்னு சொல்லிட்டுப் போயிருவாரு. போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?”

அம்மா அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி களைந்தாள்.

“மொத தடவ போகையில சொன்னேன்டி” என்றாள் கடைசியில். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன். போகாதீங்க, போகாதீங்கன்னு. சாமி கும்புடுறவ மாதிரி கெஞ்சிக்கிட்டு. கேட்டுச்சா அந்த மனுசன்? பஸ் ஏறிக் கையக் காட்டுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி இந்த வாயால ஒருக்காலும் கேக்கமாட்டேன்னு.”

வியாழக்கிழமை நான் காலேஜுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். வெள்ளிக்கிழமையும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அப்பா நடுவீட்டில் இருந்தார். நான் அவர் எதிரில் ஜெராக்ஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு படிப்பதுபோல இருந்தேன். அம்மா அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அண்ணே, இன்னைக்குத்தான் கடைசி” என்றான் ஏஜென்ட். “சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, டிக்கெட் போட்டுர்றேன்.”

அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். “என்ன சொல்லட்டும்?”

“ஒங்க இஷ்டங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். நீங்க என்றால் விருந்தாளி ஆகிறார், நீ என்றால் வேலைக்காரன் ஆகிறார், நான் எதைச் சொல்லி அவரை நிறுத்துவது? நாலு கட்டு ஜெராக்ஸ் படித்தவளுக்கு அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது. முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனுக்குத் திரும்பினார். “சரி தம்பி. வீட்ல ஒண்ணும் சொல்லல. நீங்க டிக்கெட்ட…”

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கையெல்லாம் புளியோடு வந்தாள். அப்பாவின் கையிலிருந்து போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அவன் வரமாட்டான்!” என்றாள்.

அப்புறம் ஏஜென்ட் மெதுவாகக் கேட்டான். “எவன்க்கா?”

“எம்புருசன்தான், வேற எவன்! ஒருக்க போயிப் பதினாலு வருசம் தொலைச்சது போதும். அவன் எங்கிட்டும் வரமாட்டான். இனிமே இந்த நம்பருக்குப் போன் போடாதீங்க!”

அதோடு போனை அமத்திவிட்டாள். அவன் அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை.

எனக்குக் காது அடைத்துப்போனது. அம்மா அப்பாவைப் பேர் சொல்லி நான் கேட்டதில்லை. யாரிடம் பேசினாலும் ‘அவுங்க’, மிஞ்சிப்போனால் ‘அந்த மனுசன்’. அவன் என்று சொல்லிவிட்டோம் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புளிக் கையோடு வாயைப் பொத்தினாள். “ஐயையோ, தெரியாம வந்துருச்சுங்க. கோவத்துல…”

அப்பா சிரித்தார். கடகடவென்று, நாற்காலி ஆட ஆட, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

“எங்கடி போயிருந்துச்சு இந்த வாயி இம்புட்டு நாளா?” என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். “தெரியுமா ஒனக்கு?” என்றார். என்னை ஒனக்கு என்றார். “ஒங்கம்மா எனக்கு மாமன் மக. அஞ்சாப்பு வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம். கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் என்ன வாடா போடான்னுதான் கூப்புடுவா. தாலி கட்டுன அன்னைக்கு, ஊரே கூடி இவ வாயில ‘ங்க’வ வச்சு அடைச்சுப்புட்டாய்ங்க. அதோட சரி, இவ எங்கிட்டப் பேசுறத நிப்பாட்டிட்டா.”

“பேசாமத்தான் இவளப் பெத்தனாக்கும்” என்றாள் அம்மா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

அப்பா சிரித்து அடங்கினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நீ என்னமோ மூணாம் மனுசிகணக்கா போகாதீங்க, போகாதீங்கன்ன” என்றார். “போகாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நா அந்த பஸ்லயே ஏறியிருக்கமாட்டேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

“பதினாலு வருசம்டா” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “பதினாலு வருசம்டா, பாவி.”

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.